புரட்டாசி சனிக்கிழமை கோவிலில் எல்லாரும் தொட்டுச் சாப்பிட, வீட்டிலேயே சுலபமாக ஒரு பீன்ஸ் டிப் செய்வது எப்படி?

இருபது பேர், சைவம், கையில் இருப்பது கேஸ் அடுப்பும் மிக்சியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே தாராளம். நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட்தான். தஹினி வாங்க ஈப்போவுக்கு ஓட வேண்டாம். அது எள்ளு விழுதுதானே! இரண்டு மூன்று கரண்டி வெள்ளை எள்ளை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெய் விட்டால் அந்த வாசனை வந்துவிடும்.

அரைக் கிலோ கொண்டைக்கடலை வாங்குங்கள். வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். டின் வாங்கினால் 400 கிராம் என்று போட்டிருக்கும், தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம்தான் தேறும்; நாலைந்து டின்னுக்குக் காசு கொடுப்பதை விட காய்ந்த கடலை எவ்வளவோ மலிவு. தக்காளி சாஸில் வரும் பேக்டு பீன்ஸ் இதற்கு வேண்டாம், இனிக்கும்.

ஏபிசி என்கிற ஐஸ் இனிப்பில் போடுகிற சிவப்பு பீன்ஸ்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் கவனம். அது பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். பச்சையாக நாலைந்து பீன்ஸே போதும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரைமணி கொதிக்க விட்டு, பிறகு நன்றாக வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் மட்டும் வைக்காதீர்கள், அந்தச் சூடு நஞ்சை முறிக்காது.

எந்தப் பயறானாலும் வேக்காடுதான் எல்லாம். இரு விரலால் அழுத்தினால் மாவாக மசிய வேண்டும். "வெந்திருக்கு" என்பதற்கும் "மசியுது" என்பதற்கும் நடுவில் இன்னும் ரெண்டு விசில் இருக்கிறது. வேகும்போது புளிப்பு எதுவும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் பயறு இறுகிப்போய் மசியாது.

வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறியதும் பயறு, எள்ளுப்பொடி, நாலு பல் பூண்டு, உப்பு, ஒரு சிலி பாடி (காரமான குட்டி மிளகாய்) போட்டு அரையுங்கள். இறுகினால் அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். கடைசியில் ஏழெட்டு லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) பிழிந்து, ருசி பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு. சீரகத்தூள் ஒரு சிட்டிகை போதும். மசாலாவை அள்ளிக் கொட்டினால் அது குருமா. என் மாமியார் தேங்காய் சேர்க்கச் சொல்வார். நம் வெயிலுக்குத் தேங்காய்தான் முதலில் கெடும், அதனால் நான் சேர்ப்பதில்லை.

தொட்டுக்கொள்ளத் தருவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கெரோப்போக் என்கிற பொரித்த வறுவல் பெரும்பாலும் மீனோ இறாலோ சேர்த்தது, புரட்டாசிக்கு ஆகாது. அப்பளம், மரவள்ளி சிப்ஸ், குச்சியாக வெட்டிய வெள்ளரிக்காய், செங்குவாங் கிழங்கு வையுங்கள். செங்குவாங்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மொறுமொறுவென்று இருக்கும், எண்ணெய்ப்பசை இல்லை.

ஒரே பெரிய சட்டியில் வைக்காமல் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வைத்து, மீதியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இரண்டு மணி நேரம், உச்சி வெயிலில் 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. ஐஸ் பெட்டியிலேயே இருந்தது மிஞ்சினால் மறுநாள் தண்ணீர் விட்டுக் கரைத்து, கறிவேப்பிலை தாளித்துச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம். மேசையில் பலர் கை பட்ட கிண்ணத்தை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.