செப்புத் தகட்டில் ராஜா முகம்

கேள்வி: கேமரா இல்லாத காலத்தில் ராஜாவின் முகம் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? காசில் பார்த்ததோடு சரியா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: காசில் இருப்பது நகமளவு மூக்கும் தாடையும்தான். பிரான்சின் பதினான்காம் லூயிக்கு அது போதுமா என்ன! 1658-இல் ரொபேர் நாந்தேய் என்பவரை அரசவைச் செதுக்கோவியராக வைத்துக்கொண்டார். நாந்தேய் ராஜாவை எதிரே உட்கார வைத்து வரைந்து, அதைச் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார். கீறலில் மையை நிரப்பி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் படம் தயார், ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். எண்ணெய் ஓவியம் அரண்மனைச் சுவரைவிட்டு நகராது, இது ஊர் ஊராகப் போகும். படத்தில் ராஜா அணிந்திருக்கும் கவசமும் லேஸும் வெறும் அலங்காரம் இல்லை, எல்லாம் அந்தஸ்துக் கணக்கு.

அப்புறம் ஒரு வேடிக்கை. வசதியான வீட்டு மாணவர்கள் தங்கள் ஆய்வுரை அறிவிப்பை (பட்டத்துக்காகச் சபையில் வாதாடும் நிகழ்ச்சிக்கான தாள்) ராஜாவுக்குச் சமர்ப்பித்து, அதன் தலைமேல் அவர் படத்தைப் பெரிதாக அச்சிடுவார்கள். செலவு பையனின் அப்பாவுக்கு, பெருமை ராஜாவுக்கு! லூயியும் சும்மா இருக்கவில்லை. செதுக்குவது வெறும் கைத்தொழில் அல்ல, கலை என்று 1660-இல் ஆணையே போட்டு, செதுக்கோவியர்களைக் கைவினைஞர் சங்கக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்.