விரலி கேட்டால் கிழங்கும் சேர்ந்து வருகிறதே?

கேள்வி: மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். ஏலப் பட்டியலில் ரகம் (விரலி, கிழங்கு), எடை, விலை என்று காலம்கள் (நெடுவரிசைகள்). ரகத்தைக் கொடுத்தால் அந்த வரிகளை மட்டும் எடுத்துத் தருகிற மாதிரி, ஆர் மொழியில், அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் (dplyr) தொகுப்பை வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ‘விரலி’ என்று கொடுத்தாலும் கிழங்கும் சேர்ந்தே வருகிறது. 412 வரியில் 409 வருகிறது, எரர் எதுவும் இல்லை. எங்கே தப்பு?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஃபில்டரில் ரகம் == ரகம் என்று எழுதியிருப்பீர்கள், பாருங்கள். இடது பக்கம் காலம், வலது பக்கம் நீங்கள் கொடுத்த ‘விரலி’ என்பது உங்களுக்குத் தெரியும், டிப்ளையருக்குத் தெரியாது. அது எந்தப் பெயரையும் முதலில் அட்டவணைக்குள் தேடும், அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே வரும். நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து ஒரே வளவில் இரண்டு பழனிசாமி இருப்பார்களே, வெறுமனே ‘பழனிசாமி’ என்று கூப்பிட்டால் கிட்டத்தில் இருக்கிறவர்தானே திரும்புவார், அப்படித்தான். ஒவ்வொரு வரியின் ரகத்தையும் அதே ரகத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே சரியென்றுதான் வரும்.

அப்புறம் அந்த 3 வரி எங்கே போயிற்று? ரகம் எழுதாமல் விட்ட வரிகளாக இருக்கும். விடுபட்ட மதிப்பை ஆர் என்ஏ (NA) என்று குறிக்கும். என்ஏ என்பதை என்ஏவோடு ஒப்பிட்டால் ஆர் ‘ஆம்’ என்று சொல்லாது, மறுபடி என்ஏ என்றே சொல்லும், ஃபில்டர் அந்த வரியைத் தள்ளிவிடும். எனக்குப் பயமே இதில்தான்: கொஞ்சம் வரி குறைந்ததும் ஃபில்டர் ஓடுகிறது என்று நம்பி, கிழங்கையும் விரலியையும் கலந்து சராசரி விலை போட்டுவிடுவோம்.

ரகம் == !!ரகம் என்று இரண்டு ஆச்சரியக்குறி வைத்தால் வலது பக்கத்து மதிப்பை வெளியிலிருந்து எடுக்கும். இல்லையென்றால் டாட் என்வ், டாலர் குறி, பிறகு பெயர், அதாவது .env$ரகம். படிக்கிறவருக்குப் புரியும் என்பதால் நான் இதைத்தான் எழுதுவேன். தேடும்_ரகம் என்று பெயரை மாற்றினாலும் வேலை நடக்கும், ஆனால் நாளைக்கு யாராவது அதே பெயரில் ஒரு காலம் சேர்த்தால் பழைய கதைதான். பைத்தான் மொழியில், இதே வேலைக்கான பாண்டாஸ் தொகுப்பின் குவெரிக்குள் என்றால் @ரகம் என்று எழுத வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தலைகீழ்: ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (அங்கே எழுதி வைக்கும் ஃபங்ஷன் மாதிரி) காலமும் பாராமீட்டரும் (நாம் கொடுக்கும் மதிப்பின் பெயர்) ஒரே பெயரில் இருந்தால் பாராமீட்டர்தான் ஜெயிக்கும். முடிவு அங்கும் அதேதான், டெலீட் வரியில் இப்படி எழுதியிருந்தால் மொத்த டேபிளும் காலி.

திருத்தியதும், பட்டியலில் இல்லாத ரகம் ஒன்றை, ‘தக்காளி’ என்றுகூட, கொடுத்துப் பாருங்கள். ஒரு வரி வந்தாலும் இன்னும் சரியாகவில்லை.