எலியிடம் பலித்த ஆட்டிச மருந்து குழந்தைகளிடம் ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: எலிகளை வைத்து ஆட்டிசத்தை ஆராய்வதில் உண்மையிலேயே பயன் இருக்கிறதா? எலிகளிடம் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் மருந்துகள் ஏன் நம் குழந்தைகளை வந்தடைவதில்லை?

என் அக்காவின் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது அவனுடைய மூன்றாம் வயதில் உறுதியானது. அப்போது நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், ஒரு மரபணு முடக்கப்பட்ட சுண்டெலிகளின் நடத்தையைக் காணொளியில் பார்த்து நொடிக் கணக்கில் குறித்துவைக்கும் வேலையில் இருந்தேன். "எலிகளுக்கு ஆட்டிசம் குணமாகிவிட்டது" என்று எந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தாலும் அக்கா அதை எனக்கு அனுப்பி, "இது நிஜமாடா?" என்று கேட்பார். நீங்கள் கேட்டிருப்பதும் ஏறக்குறைய அதுவே என்பதால், அவருக்குப் பல தவணைகளில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். இறுகிப்போனது மதியன்று என்பதால் எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பெயர் எதுவாயினும், அதை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை எப்படிப் பேசுகிறது, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, அழைத்தால் திரும்புகிறதா, எப்படி விளையாடுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பேச்சும் சுட்டுவிரலும் இல்லாத ஒரு விலங்குக்கு இந்த முடிவைச் சொல்லவே இயலாது. ஆகவே, கறாராகச் சொன்னால், ஆட்டிசம் உள்ள எலி என்று ஒன்று கிடையாது. ஆய்வகத்தில் நாங்கள் செய்வது அதைவிடச் சிறிய காரியம். மனிதர்களிடம் ஆட்டிசத்தோடு தொடர்புள்ளதாகத் தெரியவந்த ஒரு மரபணுவையோ, கருவுற்ற காலத்தில் தாய்க்குக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைப் போன்ற ஒரு புறக் காரணியையோ எடுத்துக்கொண்டு, அதே மாற்றத்தை எலியிடம் உண்டாக்கி, மூளையில் என்ன மாறுகிறது என்று பார்க்கிறோம்.

மூளைத் திசுவில் அளப்பவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. நடத்தையில் அளப்பவற்றைத்தான் நான் சற்று ஐயத்தோடு பார்ப்பேன். சமூக நாட்டத்தை அளக்க மூன்று அறைகள் கொண்ட ஒரு பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சோதனையைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜாக்குலின் கிராலி. ஓர் ஓர அறையில் கம்பிக் கூண்டுக்குள் அறிமுகமில்லாத இன்னொரு சுண்டெலி இருக்கும், எதிர் ஓரத்தில் வெறுங்கூண்டு இருக்கும், நடு அறையிலிருந்து புறப்படும் எலி எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்பதைக் குறிக்க வேண்டும். சுண்டெலி இன்னொரு சுண்டெலியை அறிவது பெரும்பாலும் மோப்பத்தால். எனவே, முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்கும் ஒரு சிறுவனின் நிலையும் பெட்டியின் வெறும் பக்கத்தில் நின்றுவிடும் ஒரு சுண்டெலியின் நிலையும் ஒன்றுதானா என்ற கேள்வி ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதெல்லாம் எனக்கு வரும். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளைக் கொண்டு, மூன்று நகரங்களில் ஒரே முறைப்படி சோதித்தும் சில சோதனைகளின் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. ஆண் ஆய்வாளரின் வியர்வை வாடையே எலிகளைப் பதற்றமடையச் செய்யும் என்று 2014-இல் வேறொரு குழு காட்டியது. அதைப் படித்த பிறகு எங்கள் ஆய்வகத்தில் கூண்டுகளைத் தூக்கும் வேலை எனக்குக் குறைந்தது என்பது தனிக்கதை.

இனி மருந்துக்கு வருகிறேன். இதில் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாட்டுடையது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவில், சிஜிஜி என்ற மூன்றெழுத்து டிஎன்ஏ தொடர் பொதுவாக முப்பது முறை அளவில் திரும்பத் திரும்ப வரும். அது இருநூறைத் தாண்டினால் மரபணு அடைபட்டுப்போய், எஃப்எம்ஆர்பி என்ற புரதம் உருவாகாது. இதனால் அறிவுவளர்ச்சிக் குறைபாடு வருகிறது. பாதிக்கப்பட்ட ஆண் பிள்ளைகளில் கணிசமானோருக்கு ஆட்டிசமும் இருக்கிறது. 1991-இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. 1994-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து அந்த மரபணு முடக்கப்பட்ட சுண்டெலியை உருவாக்கினார்கள். இங்கேயே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: மனிதரிடம் மரபணு நீண்டு அடைபடுகிறது, சுண்டெலியிடம் அதை நாமே உடைத்திருக்கிறோம்.

எஃப்எம்ஆர்பி இல்லாத நரம்பு இணைப்புகளில் புரத உற்பத்தி கட்டுக்கு அடங்காமல் மிகுந்திருந்தது. அந்த உற்பத்தியைத் தூண்டிவிடுவது, குளூட்டமேட் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை ஏற்கும் எம்குளூஆர்5 என்ற ஏற்பி என்பதால், அந்த ஏற்பியை அடக்கினால் இழந்த கட்டுப்பாடு திரும்பும் என்ற கோட்பாட்டை மார்க் பேர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2004-இல் முன்வைத்தார்கள். 2007-இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய ஆய்வகம், இந்தச் சுண்டெலிகளை அந்த ஏற்பி பாதியளவே உள்ள சுண்டெலிகளோடு கலந்து வளர்த்தபோது, மிகைப்பட்ட புரத உற்பத்தி, நரம்புக் கிளைகளில் இணைப்புகள் அமையும் முட்களின் அடர்த்தி, உரத்த ஒலி கேட்டால் வரும் வலிப்பு எனப் பலவும் சீரடைந்தன. இக்குறைபாட்டின் இன்னோர் அறிகுறியான, விரைகள் பெரிதாவது மட்டும் மாறவில்லை. இத்துறையில் அதுவரை இவ்வளவு துல்லியமான தர்க்கத்தோடு எந்த மருந்துக் கருத்தும் வந்ததில்லை என்றே நான் சொல்வேன். மாணவனாக அந்தக் கட்டுரையைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஏற்பியை அடக்க, நோவார்ட்டிஸ் நிறுவனம் மாவோகுளூரன்ட் என்ற மருந்தையும், ரோஷ் நிறுவனம் பாசிம்குளூரன்ட் என்ற மருந்தையும் ஃப்ராஜைல் எக்ஸ் உள்ளவர்களிடம் சோதித்தன. நோவார்ட்டிஸின் இரண்டு ஆய்வுகளில் பெரியவர்கள் 175 பேரும், பதின்வயதினர் 139 பேரும் 12 வாரங்கள் மருந்தோ, ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்படும் மருந்துச் சத்தில்லாத போலி மருந்தோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2014-இல் நிறுவனம் இந்த நோக்கத்துக்கான திட்டத்தைக் கைவிட்டது. ரோஷின் மருந்துக்கும் அதுவே நேர்ந்தது. வேறு வழியில் குளூட்டமேட்டைக் குறைக்க முயன்ற ஆர்பாக்லோஃபென் என்ற மருந்தின் ஆய்வு 2013-இல் நிறுத்தப்பட்டபோது, தம் பிள்ளைகளிடம் முன்னேற்றத்தைக் கண்டதாகச் சொன்ன பெற்றோர், மருந்தை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடினார்கள்.

எலி பொய் சொல்லிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலியிடம் கேட்ட கேள்வி வேறு, மனிதரிடம் கேட்ட கேள்வி வேறு. எலியிடம் வலிப்பையும் புரத அளவையும் நரம்பிணைப்பின் செயல்பாட்டையும் அளந்தார்கள். மனிதரிடமோ எரிச்சல், பரபரப்பு, ஒதுங்கியிருத்தல் போன்றவற்றைப் பெற்றோர் மதிப்பிடும் வினாத்தாளால் அளந்தார்கள். புது மருந்து கிடைக்கிறது என்ற நம்பிக்கையில் இருக்கும் பெற்றோரின் வினாத்தாளில் போலி மருந்துக்கும் மதிப்பெண் உயரத்தான் செய்யும். 2007-இன் சோதனையில் ஏற்பி பாதியானது கருவிலேயே. மருந்து கொடுக்கப்பட்டதோ மூளையின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்தவர்களுக்கு, அதுவும் மூன்று மாதங்களுக்கு. தவிர, 2020-இல் மார்க் பேரின் ஆய்வகமே, இவ்வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் சுண்டெலியிடமும் அதன் பயன் மங்கிவிடுகிறது என்று கண்டது. மனிதச் சோதனைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய இந்தச் சோதனை பின்னால் செய்யப்பட்டது.

அப்படியானால் சிறு வயதில் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டவும் முடியாது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 என்ற மரபணு முடங்கிய சுண்டெலிகளிடம், வளர்ந்த பிறகு அந்த மரபணுவைத் திரும்ப இயக்கியபோது சமூக நாட்டம் மேம்பட்டது, புண்ணாகும் வரை தன்னையே நக்கிச் சுரண்டும் பழக்கம் குறைந்தது, ஆனால் பதற்றமும் உடலசைவுக் குறைபாடும் அப்படியே இருந்தன என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள எலிகளுக்கு இளம் பருவத்தில் சில வாரங்கள் மட்டும் லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தைக் கொடுத்ததில், மருந்து நின்ற பிறகும் கற்றல் திறன் நிலைத்தது என்று 2019-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவையெல்லாம் வயதுக்குப் பங்குண்டு என்று சொல்கின்றன. ஆனாலும், மாவோகுளூரன்ட்டை ஆறு வயது வரையான சிறு குழந்தைகளுக்கு மொழிப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்விலும் மருந்தால் கூடுதல் பயன் தெரியவில்லை.

ஃப்ராஜைல் எக்ஸுக்கு வெளியேயும் தோல்விகள் உண்டு. கொறிவிலங்குகளிடம் சமூக நாட்டத்தைக் கூட்டிய ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கு வழியாகக் குழந்தைகளுக்குக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வு 2021-இல் பயனில்லை என்று முடிந்தது. புமெட்டனைட் என்ற நீர்நீக்கி மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வுகளும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டன.

பெரும்பாலும் சிறுமிகளுக்கு வரும் ரெட் என்ற மரபணுக் குறைபாட்டின் கதை வேறு. இது இப்போது ஆட்டிசத்தின் ஒரு வகையாகக் கருதப்படுவதில்லை என்றாலும், அருகில் உள்ள சான்று. எம்இசிபி2 என்ற மரபணு முடங்கி, நடக்கவும் மூச்சுவிடவும் திணறிக்கொண்டிருந்த வளர்ந்த சுண்டெலிகளிடம் அந்த மரபணுவைத் திரும்ப இயக்கியபோது அவை மீண்டன என்று 2007-இல் ஏட்ரியன் பேர்டு என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. மூளை நிரந்தரமாக அழிந்துவிடவில்லை என்ற அந்தச் செய்தியே பலருடைய ஆராய்ச்சித் திசையை மாற்றியது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் சிறு துண்டு ரெட் சுண்டெலிகளுக்கு உதவுவதாக 2009-இல் தெரியவந்தது. அத்துண்டின் சாயலில் செய்யப்பட்ட ட்ரோஃபினடைட் 2023 மார்ச்சில் அமெரிக்காவில் ரெட் குறைபாட்டுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்தானது. பலன் அளவானது, வயிற்றுப்போக்கு மிகப் பலருக்கு வருகிறது. ஆயினும் எலியிலிருந்து மருந்துக்கடைக்கு ஒரு பாதை உண்டு என்பதற்கு இது சான்று. ரெட் சுண்டெலியின் மூச்சுத் திணறலும் தள்ளாட்டமும் ரெட் உள்ள சிறுமியிடமும் கண்ணால் பார்க்கக் கூடியவை என்பதும் இந்த வெற்றிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஆகவே, இப்படிப்பட்ட செய்தி வரும்போது நான் முதலில் பார்ப்பது எந்த மரபணு, எந்த வயதில் மருந்து கொடுக்கப்பட்டது, எத்தனை நாள், எதை அளந்தார்கள், வேறோர் ஆய்வகம் அதைத் திரும்பச் செய்து பார்த்ததா என்பவற்றை. தலைப்பில் "எலி" என்ற சொல்லே இல்லாமல் "ஆட்டிசத்துக்கு மருந்து" என்று மட்டும் இருந்தால் அதை அக்காவுக்கு விளக்கவே இன்னும் கூடுதல் நேரமாகிறது. எங்கள் பையனுக்கு மரபணுப் பரிசோதனை செய்தோம். எஃப்எம்ஆர்1 இயல்பாக இருக்கிறது, வேறு காரணமும் அகப்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஃப்ராஜைல் எக்ஸ் உள்ளவர்கள் நூற்றில் சிலரே என்பதால் இதில் வியப்பில்லை. அந்தச் சிலரில் உங்கள் குழந்தையும் ஒன்றா என்பது தெரியாவிட்டால், மருத்துவரிடம் கேட்டு அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நான் மேலே எழுதியவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது.