விமான இரைச்சல் பழகிவிட்டால் பாதிப்பு இல்லையா?

விமான நிலையத்தருகே குடியிருப்போருக்குச் சத்தம் பழகிவிட்டால் உடல்நலம் கெடாது என்பது சரியா எனக் கேட்டிருக்கிறீர்கள். காது பழகலாம், உடல் முழுமையாகப் பழகுவதில்லை. உறங்குபவர் விழிக்காவிட்டாலும், விமானம் தாழப் பறக்கும் அந்தச் சில நொடிகளில் அவருடைய இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் உயர்கின்றன. இரவுதோறும் ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்படலாம். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றி வாழும் சுமார் 36 இலட்சம் பேரைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, இரைச்சல் மிகுந்த பகுதிகளில் பக்கவாதமும் இதயநோயும் கூடுதல் எனக் காட்டியது. ஆனால் இரைச்சல்தான் காரணம் என அதை மட்டும் வைத்து அறுதியிட இயலாது.

என் பார்வையில் இதைவிட வலுவான சான்று ஜெர்மனியின் மியூனிக் நகரம். அங்கே 1992-இல் விமான நிலையம் இடம் மாறியபின், பழைய நிலையத்தருகே வசித்த பிள்ளைகளின் வாசிப்புத் திறனும் நினைவாற்றலும் தேறின. புதியதன் அருகே அவை குன்றின. இரவில் விமான இரைச்சலின் சராசரி அளவு 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த பரிந்துரை.