மூன்றாம் வகுப்புத் தேர்வை நம்பி விமானம் ஏறாதீர்கள், தம்பி

தம்பிக்கு வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் வரப்போகிறீர்கள், பையனுக்கு ஏழு வயது, கணக்கில் சூட்டிகை என்று எழுதியிருந்தீர்கள். எந்த வட்டாரத்தில் வீடு பார்ப்பது, உள்ளூர்ப் பள்ளியா இந்தியப் பாடத்திட்டப் பள்ளியா, மீத்திறன் மாணவர் திட்டத்துக்கு இப்போதே என்ன பயிற்சி கொடுக்கலாம், அதில் படித்தவர்கள் பிற்பாடு என்ன ஆகிறார்கள் என்று நான்கு கேள்விகள். வீடு எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கமாகப் பாருங்கள், போதும். உள்ளூர்ப் பள்ளி என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏஇஐஎஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான். மற்ற இரண்டு கேள்விகளைப் படித்ததும்தான் எனக்குப் பழைய நினைப்பெல்லாம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கும் மீத்திறன் மாணவர் திட்டம், இங்கே ஜிஇபி என்பார்கள், பழைய வடிவில் இனி இல்லை. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்துவிட்டார். அந்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து புது முறை. அவரவர் பள்ளியிலேயே இருந்துகொண்டு, வேண்டுமானால் பள்ளி நேரம் முடிந்த பிறகு பக்கத்துப் பள்ளி ஒன்றில் கூடுதல் பாடம் படிக்கலாம். பழைய முறை வேறு. மூன்றாம் வகுப்பு ஆகஸ்டில் ஒரு தேர்வு, அதில் தேறியவர்களுக்கு அக்டோபரில் இன்னொன்று. நாடு முழுக்க எழுதுபவர்களில் நூற்றுக்கு ஒருவரை எடுத்து, ஒன்பது தொடக்கப் பள்ளிகளுக்கு மாற்றுவார்கள். அந்த ஒன்பதில் நான்கு, சீனத்தை மட்டுமே தாய்மொழிப் பாடமாக வைத்திருக்கும் பள்ளிகள். தமிழ்ப் பிள்ளைக்கு மிச்சம் ஐந்து. பையன் என்றால் பெண்கள் பள்ளி ஒன்றைக் கழித்து நான்கு. இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்து நாங்களாகத்தான் கழித்தோம்.

திட்டமே போன பிறகும் பயிற்சி என்ற பெயரில் உங்களிடம் காசு கேட்க ஆள் வரும். கொடுக்காதீர்கள். 2004-இல் என் மகள் எழுதியபோது அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் பிள்ளைகளை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர்கூடச் செலவழிக்கவில்லை என்று பத்து வருடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பரண் சாமான்களை ஒதுக்கும்போது பிராஸ் பசா பழைய புத்தகக் கடை முத்திரையோடு மூன்று பயிற்சிப் புத்தகங்கள் கிடைத்தன. மனைவியின் வேலை. இன்றுவரை அவள் வாய் திறக்கவில்லை.

மகள் தேர்வானாள். வகுப்பில் இருபத்தைந்து பேர்தான். ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்யச் சொல்வார்கள். இவள் ஒரு மாதம் தேக்கா சந்தையில் நின்று, வாழையிலை வாங்குகிறவர்கள் எந்தக் கிழமையில் அதிகம் என்று எண்ணினாள். இலைக்காரர் ஒரு கட்டு சும்மா கொடுத்தனுப்புவார். அந்தத் திட்டத்தில் படித்த மூன்று வருடமும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், குறை சொல்ல மாட்டேன். பெற்றோர் கூட்டம்தான் தாங்காது. நம்மூரிலிருந்து வந்தவர்கள் சிலர் அங்கே எதிரில் இருப்பவரின் பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்ட பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பன்னிரண்டு வருடம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் பெயர் தெரியாது அவர்களுக்கு. நான் வந்த ஆறாம் மாதமே காப்பிக் கடையில் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பியை 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கினவன்.

சரி, அந்தத் திட்டத்தில் படித்தவர்கள் என்ன ஆகிறார்கள்? போன வருடம் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் கல்யாண விருந்து. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் அந்த வகுப்புக்காரர்கள் ஒன்பது பேர், பத்தாவது நாற்காலியில் நான். விசாரித்துவிட்டேன். இரண்டு பேர் அரசு மருத்துவமனை டாக்டர்கள். மூன்று பேர் அமைச்சுகளில் அதிகாரிகள். ஒரு வக்கீல், ஒரு வங்கிக்காரர், தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தி, பிறகு என் மகள். எல்லோரும் நல்ல பிள்ளைகள், நல்ல வேலை. உலகத்தைப் புரட்டிப்போட்டவர் என்று அந்த மேசையில் யாரும் இல்லை. வராதவர்களில் ஒருவன் சட்டம் படித்துவிட்டு இப்போது ரொட்டி சுடுகிறானாம். நம்மூர் பிளஸ் டூ மாதிரியான தொடக்கக் கல்லூரியிலேயே பாதியில் நின்றுபோன இன்னொரு பையனைப் பற்றி நான் கேட்டதும் மேசை கொஞ்ச நேரம் அமைதியானது. ஆகவே என் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். சரியாக அமையாதவர்கள் கல்யாணத்துக்கு வருவதில்லை.

சூட்டிகையான பிள்ளைகள் பிற்பாடு என்ன ஆகிறார்கள் என்ற கணக்கை அமெரிக்காவில் பெரிதாகவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் தொடங்கி, அறிவுச் சோதனையில் உச்சத்தில் வந்த 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தன் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார். பெரும்பாலானோர் படித்து வசதியாக இருந்தார்கள். பெண்களில் ஏராளமானோர் வீட்டோடு நின்றார்கள். ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பிற்பாடு 1956-இலும் 1968-இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள்.

கல்யாண மேசையில் இருந்த அந்த மூன்று அதிகாரிகள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் அமைச்சில் இருப்பதற்கு ஆசை பாதி, பத்திரம் பாதி. அரசாங்க உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா போய்ப் படித்தால் திரும்பி வந்து ஆறு வருடம் வேலை செய்ய வேண்டும். அந்த ஒப்பந்தத்தை முறித்தால் வட்டியோடு கட்ட வேண்டும். பிணைக் கையெழுத்துப் போட்ட அப்பனுக்கும் தூக்கம் போகும். முறித்தவர்களின் பெயரை வெளியிடலாமா என்று 1998-இல் நாடாளுமன்றம் வரை பேச்சானது. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு இருபத்தெட்டில் என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் அரசு மானியத்தோடு படித்தாலும், குடியுரிமை இல்லாதவர்களுக்கு மூன்று வருட ஒப்பந்தம் உண்டு. இன்னொன்று, பையனுக்கும் சேர்த்து நிரந்தரவாசம் வாங்கினால் அவனுக்கு இரண்டு வருடம் தேசிய சேவை, அதாவது பெரும்பாலும் ராணுவத்தில் கட்டாயப் பணி. வசதியெல்லாம் அனுபவித்துவிட்டு அந்த வயது நெருங்கும்போது பிள்ளையை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிற நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்கும் முன்பே யோசியுங்கள்.

இவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், நானும் ஒரு காலத்தில் ஊர் மெச்சிய பிள்ளைதான். இங்கே அந்த மீத்திறன் திட்டம் தொடங்கிய அதே 1984-இல் மன்னார்குடியில் பிளஸ் டூ எழுதினேன். பேருந்து நிலையத்தில் என் பெயர் போட்டுத் தட்டி வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து இங்கே வந்து இறங்கினேன். ஏஜெண்டு சொன்னது எஞ்சினியர் வேலை. ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனதும் சூப்பர்வைசர் என்றார்கள், பேசியதில் 400 வெள்ளி குறைவு. பூன் லேயில் ஓர் அறையில் ஆறு பேர். முதல் வாரம் கப்பலின் அடித்தொட்டிக்குள் தவழ்ந்துபோய் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற மலாய்க்கார ஃபோர்மேன்தான், மூச்சு முட்டினால் எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் வாங்கிய நூற்றுக்கு நூறு எதுவும் அந்தத் தொட்டிக்குள் வரவில்லை.

மகள் இப்போது மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளர். பக்கவாதம் வந்த கிழவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் திரும்பப் பழக்குகிற வேலை. 'தமிழை விட்டுவிட்டால் நேரம் மிச்சமாகும்' என்று மற்ற பெற்றோர் அப்போது சொன்ன அறிவுரையை நான் கேட்கவில்லை. அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. போன வாரம் நான் எம்ஆர்டியில் போய்க்கொண்டிருக்கும்போது அழைத்தாள். "அப்பா, ஒரு தாத்தா கஞ்சி குடித்ததும் 'கமறுது, கமறுது'ன்னு சொல்றார். அப்படின்னா வலியா, இருமலா?" எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. தொண்டையைக் கமறிக் காட்டினேன், இரண்டு தடவை. எதிர் இருக்கைப் பெண் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள்.