மனக்காயத்தை இசை ஆற்றுமா? நம்மை நாமே ஏற்றுக்கொள்ள அது உதவுமா?

ஆற்றும். ஆனால் கேட்பதைவிடப் பாடுவதுதான் ஆற்றும் என்பது என் அனுபவம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பிடித்த பாட்டைக் கேட்டு ஒரு பாட்டம் அழுதால் மனசு லேசாகும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் செய்கிறவன்தான். இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. தன்னை ஏற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்கிறவருக்குத் தன்னிடம் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு அது முகமோ, நிறமோ, உடம்போ, எனக்குத் தெரியாது. எனக்கு அது பேச்சு. திக்குவாய். விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது, தலை நரைத்த பிறகும் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ராகம் கேட்டால் ரத்தக்கொதிப்பு இறங்கும், அந்த ராகம் கேட்டால் சர்க்கரை குறையும் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, சங்கீத வித்வானும் இல்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். எனக்கு நடந்ததை மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய ஒருவருக்குத் திக்கல் உண்டு என்கிறார்கள். மற்ற 99 பேருக்கும் அது எப்படி இருக்கும் என்று புரிவதில்லை. சொல்ல வேண்டியது மனசில் தெளிவாக இருக்கும். அதன் முதல் எழுத்தில் தொண்டை இறுகிப் பூட்டிக்கொள்ளும். எனக்கு க, த, ப மூன்றும் எமன். அதனால் எங்களில் பலர் சின்ன வயதிலேயே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டுவிடுவோம்: வராத சொல்லைத் தள்ளிவிட்டு வருகிற சொல்லைப் போடுவது. 'பசிக்குது' வராது என்று தெரிந்தால் 'சாப்பிடலாமா' என்போம். ஆனால் ஊர்ப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே. எங்கள் ஊர் மாயவரம். குத்தாலத்தில் அத்தை வீடு. பஸ்ஸில் கண்டக்டர் வந்து நிற்பார். 'கு' என்று உதடு குவிந்ததோடு சரி, சத்தம் வராது. "எங்கப்பா போகணும், சீக்கிரம் சொல்லு" என்பார். பின்சீட்டில் யாராவது சிரிப்பார்கள். நான் "ஆடுதுறை" என்பேன். குத்தாலத்தைத் தாண்டி இருக்கிற ஊர் அது, டிக்கெட்டும் கூட. ஆனால் 'ஆ' எனக்கு வரும். ஆடுதுறைக்குக் காசு கொடுத்துவிட்டுக் குத்தாலத்தில் இறங்கிப் போவேன். அத்தையிடம் கடைசி வரைக்கும் இதைச் சொன்னதில்லை.

வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவேன். "ஏன், வாய் இல்லையா?" என்பார் வாத்தியார்.

வாய் திருந்தட்டும் என்று பாட்டிதான் கோயில் தேவார வகுப்பில் கொண்டுபோய் விட்டார். பிரகாரத்தில் தூண் ஓரமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். ஓதுவார் ஐயா ஒரு அடி பாடுவார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுவோம். கூட்டத்தோடு பாடும்போது எனக்குத் திக்கவில்லை. அதை நான் கவனிக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. ஏனென்றால் என் குரல் எது, பக்கத்துப் பையன் குரல் எது என்று எனக்கே தெரியாது. அதுவரை என் குரலை நான் நல்லபடியாகக் கேட்டதே இல்லை.

அப்புறம் ஒருநாள் தனியாகப் பாடச் சொன்னார். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம். அதன் முதல் சொல் 'கூற்று'. குத்தாலம் என்று சொல்ல வராதவனுக்கு முதல் எழுத்தே 'கூ'. எனக்குக் கை உதறிற்று. ஐயா சுருதிப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சொல்லை நினைக்காதே தம்பி, சுருதியைப் பிடி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு அந்த ரீங்காரத்தோடு மூச்சை விட்டேன். 'கூ' வந்தது. இழுத்தேன், நின்றது. மார்புக்குள்ளே அதிர்வதைக் கைவைத்துப் பார்க்கலாம் போல இருந்தது. பதிகம் முழுக்க ஒரு இடத்திலும் பூட்டவில்லை. முடிந்ததும் ஐயா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பையனைப் பாடச் சொல்லிவிட்டார். பாராட்டவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. திக்குவாய்ப் பையன் பாடிவிட்டான் என்று அவர் ஆச்சரியப்படவே இல்லை.

அந்தப் பதிகத்தின் பண் கொல்லி, இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த அப்பருக்குச் சூலை நோய் வந்து, தாங்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து, அவர் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு பாடியது. பாடியதும் நோய் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். நோய் தீர்ந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வயிற்றுக்குள் குடலை முறுக்குகிறது, என்னால் பொறுக்க முடியவில்லை என்று, அவ்வளவு கற்றவர், சன்னதியில் நின்று வாய்விட்டுச் சொல்கிறார். யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. இப்போது எத்தனை கோயில்களில் ஓதுவார் பாடுவது காதில் விழுகிறது? தீபாராதனை நேரத்தில் பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தானாகவே அடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கட்டடமே அதிர்கிறது. அதன் பக்கத்தில் வயசான ஒரு மனுஷர் மைக் கூட இல்லாமல் பாடிக்கொண்டிருப்பார். உதடு அசைவது தெரியும், அவ்வளவுதான். நன்கொடையாளர் பெயரை இயந்திரத்தின் மேல் பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்தக் காசில் நாலு பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கலாம். தவிலும் நாகஸ்வரமும் வாசிக்கிற குடும்பத்துக்கு மாசச் சம்பளம் கொடுக்கலாம். என்னைப் போல ஒரு பையன் எந்தத் தூண் ஓரத்திலாவது வந்து உட்கார்ந்தால் அவன் காதில் என்ன விழப்போகிறது என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பாடுவது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். "பாட்டு மட்டும் தண்ணியா வருதே, பேச்சு ஏன் வரல? இவன் நடிக்கிறான்." மாமா ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இதைப் படிக்கிறவர்களில் அப்படி நினைப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள். திக்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பாடும்போது திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படித்தாலும் திக்காது. பாட்டில் உயிரெழுத்து நீள்கிறது, குரல் அறுபடாமல் ஓடுகிறது, அடுத்த சொல் என்ன என்று முன்கூட்டியே தெரியும், எப்போது சொல்ல வேண்டும் என்பதைத் தாளம் பார்த்துக்கொள்கிறது. பேச்சில் ஒவ்வொன்றையும் அந்த நொடியில் நாமேதான் தொடங்க வேண்டும். வேறு காரணத்தால் பேச்சு போனவர்களுக்கும் இப்படி ஒன்று நடக்கிறது. அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் 2011-இல் தலையில் சுடப்பட்டுப் பேச்சை இழந்தார். பேசி வராத சொல் அவருக்குப் பாட்டில் வந்தது, பாட்டின் வழியாகவும் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். மெட்டுப் போட்டுச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் அந்த முறையை 1973-லேயே பாஸ்டனில் எழுதி வைத்துவிட்டார்கள். யாரும் நடிக்கவில்லை மாமா.

பாட்டால் திக்கல் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கல்லூரியில் 'பாட்டுக்காரன்' என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எனக்கு நல்ல மறைப்பாக இருந்தது. பேச வேண்டிய இடத்தில் ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடலாம். வேலைக்கு வந்த பிறகும் அப்படித்தான். கவுண்டரில் ஒரு சொல்லில் பதில், மீதி சைகை. போன் அடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் எடுப்பார். வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டு விழாவில் மட்டும் என் குரல் கேட்கும்.

என்னை மாற்றியது ஒரு அமெரிக்கரின் கதை. ஸ்கேட்மேன் ஜான் என்று 1990-களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995-இல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சக்கைப்போடு போட்டவர். அர்த்தமில்லாத அசைகளைப் படபடவென்று உதிர்ப்பார். ஆடுவதற்கான பாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜான் லார்க்கின் என்ற அந்த மனிதர் கடுமையான திக்குவாய்க்காரர். சின்ன வயதிலிருந்தே பியானோவுக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்தவர். 50 வயதைத் தாண்டி அந்தப் பாட்டு வரும் நேரத்தில், தன் திக்கல் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று நடுங்கியிருக்கிறார். அப்படியானால் அதையே பாட்டில் சொல்லிவிடு என்று மனைவிதான் யோசனை கொடுத்தார். சொன்னார். திக்கலைப் பற்றிய பாட்டுதான் அவரை உலகத்துக்குக் காட்டியது. 1999-இல் இறக்கும் வரை திக்கிக்கொண்டேதான் பேட்டி கொடுத்தார்.

அன்றைக்குத்தான் நான் பாடுவதும் ஒளிவதும் எனக்குள் ஒன்றாகிப் போயிருந்தது புரிந்தது. சீக்கிரமே கிளை மேலாளர் பணி ஓய்வு விழா வந்தது. வழக்கம்போல மைக்கை நீட்டினார்கள். பாடுவதற்கு முன்னால் பேசினேன். "எனக்குத் தி... தி..." என்று பூட்டிக்கொண்டது. கூட்டம் அமைதியானது. உதடு துடிக்கிறது, எதிரே யாரோ தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நான் சொல்லை மாற்றவில்லை. அதே சொல்லைத்தான் சொல்வது என்று நின்றேன். "திக்கும். அதனாலதான் உங்ககிட்டல்லாம் பேசறதில்ல." அப்புறம் பாடினேன். சாப்பாட்டுப் பந்தியில் காசாளர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க திமிர் பிடிச்சவர்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன் சார்" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆத்திரமும் வந்தது, சுமை இறங்கின மாதிரியும் இருந்தது. இன்று போனை நானே எடுக்கிறேன். எதிர்முனையில் சிலர் சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிடுவார்கள், திரும்பவும் கூப்பிடுவேன்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உங்கள் குரலில், உங்கள் கட்டையில், அதாவது உங்கள் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் பாடுங்கள். ஓதுவார் ஐயா சொல்வார்: "உனக்கு ஒன்றரைக் கட்டை. ரெண்டுக்கு எதுக்கு ஏறுறே?" சினிமாப் பாடகரின் சுருதிக்குத் தொண்டையை நெரித்துக்கொண்டு போனால் உங்கள் குரலை மேலும் வெறுக்கத்தான் செய்வீர்கள். போனிலேயே சுருதிப்பெட்டி செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நன்றாகப் பாட வேண்டும் என்பது கூட இல்லை, வாய்விட்டுப் பாட வேண்டும். பதிவு செய்து கேளுங்கள். முதலில் கூசும், யாருக்குமே தன் குரல் பதிவில் அந்நியமாகத்தான் கேட்கும். தேவாரம்தான் என்று இல்லை, கானாவோ கும்மியோ கிறிஸ்தவக் கீர்த்தனையோ, உங்கள் வாயில் தானாக வருவது எதுவோ அது. நான் மதப் பிரசாரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எனக்குக் கிடைத்தது கோயில் பிரகாரம், அதைச் சொன்னேன்.

ஆனால் தூக்கம் போய், சாப்பாடு போய், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் பாட்டை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம். திக்கலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்று திக்குகிறவர்களே சேர்ந்து நடத்தும் சுய உதவி அமைப்பும் இருக்கிறது.

வீட்டில் திக்குகிற பிள்ளை இருக்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அவன் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். 'மெதுவா சொல்லு' என்றும் சொல்லாதீர்கள், அவனால் முடிந்தால் சொல்லமாட்டானா? பாட்டு வகுப்பில் சேருங்கள், ஆனால் வாய் சரியாகும் என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். பாட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். விருந்தாளி வந்தால் "பாரேன், பாடும்போது மட்டும் திக்காது" என்று அவனை நடுவீட்டில் நிறுத்திப் பாடச் சொல்லாதீர்கள்.