தலையை மட்டுமே அசைக்க முடிகிற சிறுவன் வீடியோ கேம் விளையாட முடியுமா?

பெருமூளை வாதம் உள்ள தம் மகனால் தலையை வலப்பக்கம் திருப்ப மட்டுமே முடிகிறது, அவன் வீடியோ கேம் விளையாட வழி உண்டா என்று மன்னார்குடித் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. நினைத்தபோது திரும்பச் செய்யக்கூடிய ஓர் அசைவு இருந்தாலே தொடங்கிவிடலாம்.

எக்ஸ்பாக்ஸ் என்னும் வீடியோ கேம் கருவியை உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களும் இயக்குவதற்காக 2018-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறம் 3.5 மி.மீ. சாக்கெட்டுகள் 19 உள்ளன. ஒவ்வொன்றிலும் தனித்தனி சுவிட்சைச் செருகி, கன்னம், முழங்கை, பாதம் என இயங்கும் உறுப்பருகே வைக்கலாம். ஆனால் அதை இப்போதே வாங்க வேண்டாம் என்பேன்.

தொடங்குவதற்குப் பழைய கணினி மவுஸ் ஒன்று போதும். அதைத் திறந்து, இடது பொத்தானுக்கு அடியிலுள்ள குட்டி சுவிட்சில், அழுத்தும்போது ஒன்றோடொன்று இணையும் இரு முனைகளிலும் ஒயர் பற்றவைத்து, அவற்றைப் பெரிய புஷ் பட்டனோடு இணைத்தால், கன்னம் பட்டதும் கிளிக் ஆகும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மின்னணுச் சாதனம் பழுதுபார்க்கும் எவரும் இதைச் செய்து தருவார். யுஎஸ்பி சாதனங்களைப் போனில் செருக உதவும் ஓடிஜி இணைப்பி இருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த மவுஸ் இயங்கும்.

பட்டனைவிட முக்கியம் உட்காரும் நிலை. இடுப்பு சரிந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தலையை நிறுத்துவதிலேயே வலுவெல்லாம் போய்விடும் என்பதால், பட்டனை எங்கே பொருத்துவது என்பதை இயன்முறை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

ஒரே பொத்தானில் ஆடக்கூடிய, வேகத்தைக் குறைக்க முடிகிற விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் எக்ஸ்பாக்ஸ் வாங்கினால், இரு கன்ட்ரோலர்களை ஒருவருடையதாகவே கணக்கிடும் வசதி அதில் உண்டு. அக்கா வண்டியைத் திருப்ப, தம்பி வேகம் கொடுக்கலாம்.